முகவரியும் இருப்பிடமும்

முகவரி என்பது ஒருவர் இருக்கும் இடத்தைச் சுட்டுவது என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. கடித உறையின்மேல் எழுதப்படும் நான்கு வரிகளும், அவ்வரிகளுக்கு உரியவர் உறங்கி எழும் இடமும் ஒன்றே என்பது உலகத்தார் நம்பிக்கை. நகரத்துத் தெருவொன்றில் எண் பொறித்த வீட்டில் வாழ்வோர்க்கு இந்நம்பிக்கையை ஐயுற வேண்டிய தேவை நேர்வதில்லை. ஆயினும், முகவரி வேறு இருப்பிடம் வேறு என்பதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டறிந்த மக்களும் உளர். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்தோர் அவர்களுள் ஒரு சாரார். அத்தகைய தோட்டமொன்றிற் பிறந்த இளைஞன் ஒருவன், கணினி பற்றிய தன் கல்வியின் நடுவே அதே உண்மையை வேறொரு வடிவிற் சந்திக்க நேர்ந்தமையே ஈண்டு சொல்லப்படுவது.

நமுனுகுல மலை பதுளைப் பிரதேசத்துக்கு ஒரு பெருஞ்சுவர் போல எழுந்து நிற்பது. ஒன்பது முடிகள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். இரண்டாயிரம் மீற்றருக்கும் சற்று மேலாக உயர்ந்த அம்மலையின் சரிவுகளிலும், அப்பால் பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கங்களிலும் தேயிலை பரந்து கிடக்கின்றது. ஆண்டுதோறும் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை இம்மலைகளின்மீது வீசும் வறண்ட காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயரை ஈட்டித் தந்த மணத்தை அதற்கு ஊட்டுகின்றது. அக்காலத்தில் ஸ்டோரின் விளக்குகள் இரவிலும் அணைவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பதே தோட்டத்து வழக்கு.

அவ்விளைஞனின் தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை ஸ்டோரிலே சல்லடைப் பகுதியில் வேலை செய்பவர். குடும்பம் வாழ்ந்தது ஐந்தாம் நம்பர் லயத்தின் தொங்கல் காம்பிராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலையகத்து லயக் காம்பிராக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவ்வளவுக்குள் நால்வர் உண்டு, உறங்கி, படித்து, விழாக் கொண்டாடி வாழ்ந்தனர். அங்கிருந்து பதுளை நகரத்துப் பாடசாலைக்குப் பஸ்ஸேறிச் சென்று படித்த அவன், கணித விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்து கணினிக் கல்வியைத் தெரிந்துகொண்டான்.

இறுதியாண்டிலே ஆய்வுக்குரிய பொருளொன்றைத் தேடியபோது, தந்தையின் சல்லடைப் பகுதியே அவன் நினைவுக்கு வந்தது. காய்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பொறுக்கியெடுப்பது ஒரு காலத்திற் பெண்களின் கைவேலையாயிருந்தது. பின்னர் நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. தேயிலைத் துணிக்கைகள் சரிவான பாதையொன்றின் வழியே வீழும். கமராக்கள் அவற்றை நோக்கிக்கொண்டிருக்கும். கருந்தேயிலையின் நடுவே வெளிறிய காம்பு தென்பட்ட மாத்திரத்தில் நுண்ணிய குழாயிலிருந்து காற்றுப் பீறிட்டு அதனை அப்புறப்படுத்தும். சிறுவயதில் தந்தைக்குச் சோறு கொண்டு சென்ற வேளைகளில் இவ்விந்தையை அவன் வாய்பிளந்து பார்த்திருக்கிறான். வீழும் தேயிலையைக் கமராவாற் பதிவுசெய்து, காம்பின் உருவத்தையும் நிறத்தையும் கணினியைக் கொண்டு ஆராய்வதென அவன் முடிவு செய்தான்.

கருவிகள் எளியவை: ஒரே நேரத்தில் ஒரு வரியை மட்டும் நோக்கும் கமரா, அதன் தரவை வாங்கிக் கணினிக்குத் தரும் மின்சுற்றுப் பலகை, பழைய கணினியொன்று. வரியொன்றில் 2,048 புள்ளிகள். புள்ளியொன்றுக்கு ஒரு பைற்று. விநாடிக்குப் பத்தாயிரம் வரிகள் எனின், விநாடியொன்றில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பைற்றுகள் வந்து சேரும். மூன்று விநாடி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவை ஒருசேர வைத்துப் பார்க்க விரும்பிய அவன், தன் செய்நிரலிலே 64 மெகாபைற்று அளவுள்ள நினைவக இடமொன்றை ஒதுக்கினான். 32,768 வரிகள் அதனுள் அடங்கும்.

இவ்வளவு தரவையும் கணினியின் மத்திய செயலி தன் கையாலேயே ஒவ்வொன்றாய் அள்ளி வைப்பதாயின், வேறு வேலை எதற்கும் அதற்கு நேரமிராது. ஆகவேதான் நேரடி நினைவக அணுகல் என்னும் முறை வழக்கிலுள்ளது. இன்ன இடத்திலிருந்து இவ்வளவு எழுதுக என்று சாதனத்துக்கு ஒரு கட்டளை கொடுக்கப்படும்; சாதனம் செயலியைத் தொந்தரவு செய்யாது தானே நினைவகத்தில் எழுதி முடித்து, முடிந்தது என்று அறிவிக்கும். அக்கட்டளையை ஆக்கிக் கொடுக்கும் நிரலே சாதனச் செலுத்தி எனப்படுவது. அதனை எழுதும் பொறுப்பும் அவனையே சார்ந்தது.

முதலிலே சிறு சோதனை செய்தான். ஒரு வரியைக் கேட்டான். ஒரு வரி வந்தது. இதனைக் கண்டு மகிழ்ந்து முழுப் பதிவையும் கேட்டான். திரையில் முதல் வரி தெளிவாய் வந்தது. இரண்டாம் வரியும் வந்தது. ஆனால் அதன் வால்பக்கத்திற் பதினாறு புள்ளிகள் இல்லை. அதன் பின்னர் 32,766 வரிகளும் வெறும் இருள். சிறிது நேரத்திற் கணினி முற்றாக உறைந்து நின்றது. மீண்டும் இயக்கினான், மீண்டும் அதே இரண்டு வரிகள், அதே இருள், அதே உறைவு. மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன. விடுமுறைக்கு வீடு சென்றிருந்த நாளொன்றில் தந்தையிடம் இதனைச் சொன்னபோது அவர் சிரித்தார். "சாக்கு வாயில மட்டும் நல்ல கொழுந்து இருந்தாப் போதுமா தம்பி? உள்ளுக்குக் கைய விட்டுப் பாக்கணும்" என்றார். ஒரு வரி சரியாக வந்ததைக் கொண்டு முழுவதும் சரியென்று நம்பிய மகனுக்கு அது தக்க மறுமொழியே.

தவறு யாதெனின், முகவரியை இருப்பிடமென்று அவன் கருதியதேயாகும். இன்றைய கணினியிலே செய்நிரலொன்று அறிந்திருக்கும் நினைவக முகவரி மெய்யான இடத்தைக் குறிப்பதன்று. 1962ஆம் ஆண்டிலே மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் செயற்படத் தொடங்கிய அற்லஸ் என்னும் கணினியோடு நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. நினைவகம் ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்படும். இன்று பெரும்பாலான கணினிகளிற் பக்கமொன்று 4,096 பைற்று. செய்நிரலுக்குத் தன் 64 மெகாபைற்றும் இடையறாது தொடர்ந்து கிடக்கும் ஒரே வெளியாகத் தோன்றும். மெய்யிலோ அது பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாய், எங்கெங்கோ வெற்றிடம் கிடைத்ததோ அங்கெல்லாம் சிதறிக் கிடக்கும். இன்ன முகவரிக்கு இன்ன பக்கம் என்னும் அட்டவணையைப் பணிசெயல் முறைமை வைத்துக்கொள்ளும்; செயலி ஒவ்வொரு முறையும் அதனைப் பார்த்தே இடத்தை அறியும். தேவை நேருமாயின், பக்கமொன்றை வேறிடத்துக்கு நகர்த்தவும், வட்டிலே எழுதிவைத்து அதன் இடத்தை வேறொருவர்க்குக் கொடுக்கவும் அம்முறைமைக்கு உரிமையுண்டு. செய்நிரல் இதனை ஒருபோதும் அறியாது.

வெளிச் சாதனமோ அவ்வட்டவணையைக் காணமாட்டாது. அதற்குத் தெரிந்தது மெய்யான இடம் ஒன்றே. அவ்விளைஞனின் செலுத்தி, முதற் பக்கத்தின் மெய்யிடத்தை மட்டும் கண்டறிந்து, அங்கிருந்து 64 மெகாபைற்றைத் தொடர்ச்சியாய் எழுதும்படி சாதனத்துக்குக் கட்டளையிட்டிருந்தது. அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் முதற் பக்கத்தின் தலைப்பிலிருந்து பதினாறு பைற்றுத் தள்ளியே தொடங்கியிருந்தது. எனவே அப்பக்கத்தில் எஞ்சியவை 4,080 பைற்றுகள். பதினாறு புள்ளிகள் குறைந்த இரண்டு வரிகள். அதன்பின் சாதனம் எழுதியதெல்லாம் அயலார் பக்கங்களில். யார் யாருடைய தரவையோ அழித்து, ஈற்றிலே பணிசெயல் முறைமையின் சொந்த ஏடுகளையும் அது அழித்தது, கணினி உறைந்தது. சாதனங்கள் எல்லை மீறாது காக்கும் வன்பொருட் காவல் சில கணினிகளில் உண்டு. அக்கணினியில் அது இயக்கப்பட்டிருக்கவில்லை.

இரு வேறு முகவரிகள், அவற்றை இணைக்கும் ஓர் அட்டவணை என்பது தோட்டத்தாருக்குப் புதியதன்று. ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் இட்ட பெயரொன்றுண்டு; தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றுண்டு. காணிப் பதிவிலும் தேயிலைப் பெட்டியிலும் முன்னது. பெண் கொடுத்தோர், பெண் எடுத்தோர் வாயிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பின்னது. ஒன்றை மட்டும் அறிந்தவன் மற்றதைக் கேட்டு வழியறிய இயலாது. பேர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டு வந்த இலங்கைத் தகவல் ஏட்டிலே தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களுக்கு நேரே தமிழ்ப் பெயர்களையும் தொகுத்து அச்சிட்டனர். இவ்விரு உலகங்களுக்கும் இடையே மனிதரையும் பொருளையும் அனுப்ப வேண்டியிருந்தோர்க்கு அவ்வட்டவணை இன்றியமையாததாயிருந்தது.

அவனுக்கு வழிகாட்டியது கொழுந்து லொறி. ஸ்டோரின் ஏட்டிலே இன்றைய கொழுந்து என ஒரே தொகை எழுதப்படும். ஆனால் அக்கொழுந்து ஒரே இடத்திற் கிடப்பதில்லை. இரண்டாம் நம்பர் மலையிலும் எட்டாம் நம்பர் மலையிலும் பள்ளத்து மலையிலும் பெண்கள் நிரை பிடித்துப் பறிக்கின்றனர். அந்தந்த மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படுகின்றது. லொறிச் சாரதிக்கு வேண்டியது மொத்தத் தொகையன்று. எந்த மடுவத்தில் எத்தனை சாக்கு என்னும் பட்டியலே. அப்பட்டியலைக் கையிற் கொண்டு அவர் வளைந்து நெளிந்து சென்று ஒவ்வொன்றாய் ஏற்றி வருவார். கணினியிலும் அவ்வாறே ஒரு பட்டியல் ஆக்கப்படல் வேண்டும். இன்ன பக்கத்தில் இவ்விடத்திலிருந்து இவ்வளவு, அடுத்த பக்கத்தில் இவ்வளவு எனச் சிதறிக் கிடப்பவற்றை வரிசையாகச் சொல்லும் பட்டியலைச் சாதனத்திடம் கொடுத்தால், அது முறையே ஒவ்வோரிடமாய்ச் சென்று எழுதும். பதினாறு பைற்றுத் தள்ளித் தொடங்கியமையால் அவனுடைய இடம் 16,384 பக்கங்களையன்றி 16,385 பக்கங்களைத் தொட்டது. முதற் பக்கத்தில் 4,080 பைற்று, ஈற்றுப் பக்கத்திற் பதினாறு பைற்று. அந்தக் கடைசிப் பதினாறையும் பட்டியலில் எழுத மறந்தால் முழுமை கிட்டாது.

ஆயினும் பட்டியல் மட்டும் போதாது. எட்டாம் நம்பர் மலையில் எட்டுச் சாக்கு என எழுதிய பின்னர், லொறி போய்ச் சேரும் முன்னர் அச்சாக்குகளை யாரேனும் வேறிடத்துக்கு மாற்றினால் பட்டியல் பொய்யாகும். பக்கங்களின் மெய்யிடத்தைக் கண்டு பட்டியல் எழுதுவதற்கு முன், அப்பக்கங்கள் வேலை முடியும்வரை அசையா என்ற உறுதியைப் பணிசெயல் முறைமையிடமிருந்து பெறல் வேண்டும். லினக்ஸ் முறைமையில் இவ்வேலைக்குரிய செயற்கூறு 'பின் யூசர் பேஜஸ்' என்னும் பெயருடையது. 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. முன்னரும் இதற்கு ஒரு வழி இருந்ததாயினும், பக்கத்தைச் சற்றே பார்த்துப் போவதற்கும், வெளிச் சாதனம் எழுதும்வரை அதனை இறுகப் பிடித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வழியில் தெளிவாய் இருக்கவில்லை. அதனைத் தெளிவாக்கும் பொருட்டே புதிய செயற்கூறு அமைந்தது. தாளைச் சுவரிலே ஊசியாற் குத்தி வைப்பது போலப் பக்கத்தைக் குத்தி வைத்தல் என்பதே அப்பெயரின் பொருள். விண்டோஸ் முறைமையிலும் இவ்வாறே பக்கங்களைப் பூட்டி, அவற்றின் இடங்களை நினைவக விவரப் பட்டியல் ஒன்றில் எழுதும் ஏற்பாடுண்டு.

இந்தப் பகுதியைப் படித்த இரவிலேதான் தன் தமக்கையின் கடிதம் அவனுக்கு நினைவு வந்தது.

அவள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியவள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் உரிய காலத்தில் அனுப்பப்பட்டது. உறையின்மேல் அவள் பெயரும் தோட்டத்தின் பெயரும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரொன்றே முகவரி. தபால் எல்லாம் ஒரே பையிற் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயங்களைச் சேரும். அதே தலைப்பெழுத்தும் அதே பெயரும் உடைய இன்னொருத்தி மேற்பிரிவு லயத்தில் இருந்தாள். கடிதம் அங்கே போயிற்று. அவள் அப்போது ஊரில் இல்லை. சாமித்தட்டிற் பத்திரமாய் வைக்கப்பட்டிருந்த கடிதம் தொங்கல் காம்பிராவை வந்தடைந்தபோது நேர்முகத் தேர்வு நடந்து நான்கு நாட்கள் கழிந்திருந்தன. தாய் எவரையும் ஏசவில்லை. "அவுங்களும் பாவம், தெரியாமத்தானே வாங்கி வச்சாங்க" என்றார். தமக்கை அக்கடிதத்தைக் கிழிக்கவுமில்லை. சில மாதங்களின் பின் கொழும்புக்கு அண்மையிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றுக்கு அவள் வேலைக்குப் போனாள். தம்பியின் படிப்புச் செலவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியவளும் அவளே.

அனுப்பியவர் மீது தவறில்லை, முகவரியிற் பிழையில்லை, சுமந்து வந்தவரும் நேர்மையானவரே. ஆயினும் கடிதம் சேரவில்லை. தோட்டம் என்ற முகவரிக்கும் ஐந்தாம் நம்பர் லயத்துத் தொங்கல் காம்பிரா என்ற இருப்பிடத்துக்கும் இடையே நின்று, இன்னார் இன்ன இடத்தில் என்று பொறுப்பேற்கும் பட்டியல் ஒன்று இருக்கவில்லை. முதற் பக்கம் மட்டும் தெரிந்த தன் செலுத்தியைப் பார்க்கும்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

திருத்திய செலுத்தி முழுப் படத்தையும் தந்தது. எனினும் இன்னொரு தவறு மறைந்திருந்தது. பதிவின் இடையிலே நிறுத்தினால், பிடித்து வைத்த பக்கங்களை விடுவிக்காமலே அவன் நிரல் வெளியேறியது. பிடித்த பக்கத்தைப் பணிசெயல் முறைமை எவர்க்கும் கொடாது, நகர்த்தவும் மாட்டாது. ஒவ்வொரு முறையும் 64 மெகாபைற்று அவ்வாறே சிறைப்பட்டது. 4 கிகாபைற்று நினைவகமுள்ள அக்கணினி முப்பது நாற்பது தடவைகளிலே தளர்ந்து, ஐம்பதை அண்மிக்கும்போது மூச்சுத் திணறிற்று. குத்தி வைத்தவனே ஊசியைப் பிடுங்கவும் வேண்டும். பிடுங்கும்போது, இப்பக்கத்தில் புதிதாய் எழுதப்பட்டிருக்கிறது என்று முறைமைக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காவிடின், பழையதே இருக்கிறதென எண்ணி, எழுதியதை அது கைவிடவுங் கூடும்.

பிடித்து வைத்து விடாமையின் வரலாறும் மலையகத்துக்கு உண்டு. தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் தொழிலாளி தன் கடன் தொகை குறித்த துண்டு ஒன்றைப் பெறல் வேண்டும் என்னும் முறை ஒரு காலத்தில் நிலவியது. அக்கடனை ஏற்கும் மறு தோட்டம் கிடைத்தாலன்றி அவனுக்கு நகர்வில்லை. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை துண்டுமுறை ஆயிரமாயிரம் மனிதரைத் தோட்டத்தோடு குத்தி வைத்திருந்தது. அசையாதிருக்கும் உறுதி வேலை முடியும்வரைக்கும் மட்டுமே நன்மையாவது. அதற்கப்பால் அதுவே சிறையாகின்றது.

அளவு பெரிதாகும்போது வேறு தடைகளும் எழுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பியின் 32 பிற்றுப் பதிப்பில், விவரப் பட்டியலொன்று ஏறத்தாழ 64 மெகாபைற்றுக்கு மேல் விவரிக்க மாட்டாதிருந்தது. விஸ்ராவில் அவ்வெல்லை ஏறத்தாழ 2 கிகாபைற்றாகவும், விண்டோஸ் 7 முதல் ஏறத்தாழ 4 கிகாபைற்றாகவும் உயர்ந்தது. சாதனங்களும் ஒரு தடவையில் இத்தனை வரி கொண்ட பட்டியலையே ஏற்கும் என்னும் வரம்புடையன. எனவே பெரும் பொருளைப் பகுதிகளாக்கி, ஒரு பகுதியைப் பிடித்து, அனுப்பி, விடுவித்து, அடுத்ததற்குச் செல்வதே பல விடத்தும் அறிவுடைமையாம். சிறு தரவாயின் இவ்வளவு முயற்சியும் வேண்டா. செலுத்தி தனக்கென வைத்திருக்கும் சிறு இடத்தில் அதனை வாங்கி, பின்னர் செய்நிரலின் இடத்துக்குப் படியெடுத்துக் கொடுத்துவிடலாம். பெருந்தரவிலேதான் அவ்விரட்டைச் சுமை தாங்கொணாததாகும்.

இனி, மனிதரைப் பற்றிய பட்டியல்களை நோக்கின், இயந்திரத்துக்குக் காட்டப்படும் அக்கறை மனிதருக்குக் காட்டப்பட்டதில்லை என்பது புலனாகும். 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்களைத் தொகையாகப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தொகை எழுதியோர் லயம் லயமாகச் சென்று எவர் எங்கே வாழ விரும்புகின்றார் எனக் கேட்டு எழுதியவரல்லர். 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது, இந்தியப் பிரசைகளெனப் பதியப்பட்டும் பயணம் போகாதோர் பலர் தோட்டங்களிலேயே இருந்தனர். அவர்களுடைய முகவரி ஒரு நாட்டிலும் இருப்பிடம் மற்றொரு நாட்டிலுமாயிற்று. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும்வரை பலர்க்கு அந்நிலை நீங்கவில்லை.

பதுளை மாவட்டத்திலேயே இதனினும் கொடிய சான்று ஒன்றுண்டு. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குள் அகப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்டபோது, முதல் நாட்களில் வெளிவந்த எண்கள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. அந்தக் காலையிலே எந்தக் காம்பிராவில் யார் இருந்தார் என்பதை உறுதியாகச் சொல்லும் பட்டியல் எவர் கையிலும் இருக்கவில்லை. தேடுவோர் தோண்ட வேண்டிய இடத்தையும் உயிர்தப்பிய அயலவரின் நினைவே சொல்ல வேண்டியிருந்தது. இருப்பிடத்தை அறியாத முகவரியின் விலை அன்று அவ்வளவாயிற்று.

இளைஞனின் ஆய்வு நிறைவெய்தியது. விடுமுறைக்கு வந்தபோது, பதிவின் ஒரு பகுதியைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்தான். கருந்துணிக்கைகளின் நடுவே வெளிறிய கீற்றுகளாய்க் காம்புகள் தெரிந்தன. தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டு, இது காம்பு, இது நார் என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னர் தாளின் கடைசி ஓரத்தைப் பார்த்து, "முழுசும் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றான்.

அத்தாளோடு அவன் ஆய்வேட்டின் பிரதியொன்றும் இருந்தது. விடுமுறையில் வந்திருந்த தமக்கை அதனைப் புரட்டினாள். உள்ளே எழுதியிருந்தவை அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் முன்பக்கத்தில் மாணவனின் நிரந்தர முகவரி எழுதும் இடத்தில் அவள் கண் நின்றது. அங்கே தோட்டத்தின் பெயருக்கு மேலே, தபாற்காரர் எவரும் கேட்டிராத வரியொன்று சேர்க்கப்பட்டிருந்தது: தொங்கல் காம்பிரா, ஐந்தாம் நம்பர் லயம், கீழ்ப்பிரிவு. அவள் அதனை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். பின்னர் ஏட்டை மூடி, பெட்டியிலே, பழைய கடிதம் இருந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.